சால்மன் மீனும் மலையோடைகளும்

பேணியில் அடைபட்டு வரும் மீனாகவே நம்மிற் பலர் சால்மனை அறிந்திருப்பர். அதன் வாழ்க்கை வரலாறோ பெரிதும் வியக்கத்தக்கது. வட அமெரிக்காவின் பசுபிக் கரையிலே காணப்படும் கோஹோ என்னும் சால்மன், மலையோடையிற் பிறந்து, ஓராண்டளவு அங்கேயே வளர்ந்து, பின்பு கடல் புகும். ஏறக்குறைய மூன்று வயதிலே, பிறந்த ஓடையை மணத்தால் அறிந்து மீளும். பெண்மீன் வாலினாற் சரளைக் கற்களை அகழ்ந்து முட்டையிடும். அதன்பின் ஆணும் பெண்ணும் இறந்துபடும். அவற்றின் உடல்கள் ஓடையிலுள்ள சிற்றுயிர்களுக்கு உணவாகவும் கரைமரங்களுக்கு உரமாகவும் அமையும்.

கற்களினிடையே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலன்றி முட்டைகளுக்குப் பிராணவாயு கிட்டாது. மரந்தறிப்போர் மலைச்சரிவிலே பாதைகளை வெட்ட, மழையோடு இறங்கிய நுண்மணல் அவ்விடைவெளிகளைத் தூர்த்தது. கரைமரங்களும் வீழ்த்தப்படவே, நிழலிழந்த நீர் சூடேறியது.

இவை ஆசையால் விளைந்த கேடுகள். நல்லெண்ணத்தால் விளைந்த கேடும் ஒன்றுண்டு. மாணவர் சிறப்பாகக் கருதவேண்டியது அதுவே. 1950களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும், ஓறிகன், வாசிங்டன், கலிபோர்ணியா மாநிலங்களிலே, ஓடைகளில் வீழ்ந்துகிடந்த மரங்கள் மீனுக்குத் தடையென எண்ணி, மீனைக் காக்கவேண்டிய அதிகாரிகளே அவற்றை அகற்றுவித்தனர். ஓடை துப்புரவாயிற்று, மீனுக்கு இருப்பிடம் இல்லாதாயிற்று. வீழ்ந்த மரத்தைத் தாண்டி விழும் நீரே மடுவைக் குடைகின்றது. மரமே சரளையைத் தேக்கிவைக்கின்றது. மாரி வெள்ளத்திலே குஞ்சுகள் ஒதுங்கி நிற்பதும் அதன் மறைவிலேதான். வகுப்பறையைக் கூட்டச் சொன்னால் வெண்கட்டியையும் சேர்த்துக் கூட்டியெறியும் மாணவரை நான் அறிவேன்!

ஓறிகன் கரையோரக் கோஹோ 1998 இல் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இன்று அதே ஓடைகளிற் பெருமரங்களை மீண்டும் இட்டு வருகின்றனர். வேரோடு கூடிய மரமாயின் வெள்ளம் எளிதில் இழுத்துச் செல்லாது. கரையிலே கன்றுகளை நடுகின்றனர். மீன் ஏறவியலாத ஒடுங்கிய மதகுகளை அகலித்துக் கட்டுகின்றனர். இது வெறுங் கருணையன்று. வாசிங்டன் மாநிலத்திலே பழங்குடியினரின் மீன்பிடி உரிமை பற்றிய வழக்கில், மதகுகளைத் திருத்தவேண்டுமென்ற கீழ்நீதிமன்றக் கட்டளை 2018 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் நிலைபெற்றது.

அம்மாநிலத்து எல்வா ஆற்றிலே 1913 இலும் 1927 இலும் எழுந்த இரண்டு அணைகளிலும் மீன் ஏறுவதற்கு வழி விடப்படவில்லை. 2011 முதல் 2014 வரையில் அவை இடித்தகற்றப்பட்டன. கீழணை நீங்கிய 2012 இலேயே சினூக் என்னும் பெருஞ்சால்மன் அவ்விடத்தைக் கடந்து மேலேறியது. மீனினம் பெருகட்டுமெனப் பல்லாண்டு வலையை மடித்து வைத்திருந்த ஆற்றங்கரைக் கிளாலம் மக்கள், 2023 இலே தங்கள் உணவுக்கும் சடங்குகளுக்குமாகக் கோஹோவை மீண்டும் பிடித்தனர்.