ஏச்சு வாங்குவது உன் வேலையில்லை, தங்கச்சி

தங்கச்சி, விசில் பிடித்த இரண்டாவது சீசனிலேயே "அக்கா, விட்டிடுவம் போல கிடக்கு" என்று வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தம்பிமாரும் வருகிறார்கள். விதி தெரியாதவர்கள் இல்லை, ஓட முடியாதவர்களும் இல்லை. சனிக்கிழமை மைதானத்தில் வாங்கிய ஏச்சு திங்கட்கிழமை வேலைத்தலத்துக்கும் கூடவே வருகிறது, அதுதான் காரணம். ஊர்காவற்றுறையில் இருந்து கூடைப்பந்தாட்டத்துக்கு நடுவராகப் போகிற பிள்ளைகள் மிகச் சிலர். எங்கள் தீவுப் பக்கம் உதைபந்தும் கரப்பந்தும் வலைப்பந்தும்தான் கூட. கூடைப்பந்தென்றால் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண ரவுணுக்குப் போக வேண்டும். அந்தச் சிலரையும் இழக்க எனக்கு மனமில்லை.

"நடுவரெண்டால் நாலு பேச்சு வாங்கத்தான் வேணும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நம்பாதே. "அது டிரவலிங் இல்லை!" என்று கத்துவது ஆட்டத்தின் சூடு, அதைக் கேட்டுக்கொண்டு ஓடலாம். உன் தாய் தகப்பனை இழுப்பது, சாதியைச் சொல்லுவது, தூசணம், உடம்பைப் பற்றிய கதை, "வெளிய வா பாப்பம்" என்பது எல்லாம் வேறு. அவற்றைத் தாங்குவதற்கு எந்த விதியும் உன்னைக் கேட்கவில்லை. தடுப்பதற்குத்தான் விதி அதிகாரம் தந்திருக்கிறது.

அந்த அதிகாரம் எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி, ஆட்டம் தொடங்க 20 நிமிடத்துக்கு முன் நீ மைதானத்துக்குள் வந்ததிலிருந்தே அதிகாரம் உன்னிடம் வந்துவிடுகிறது. ஆகவே 20 நிமிடத்துக்கு முன் உள்ளே நில். ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பந்தை மேலே எறிகிறவரைக் கண்டாலே வாங்குக்காரருக்குத் துணிவு வந்துவிடும். விளையாடுகிறவர்களில் உன்னோடு கதைக்கக் கூடியவர் கப்டன் மட்டும்தான். அதுவும் பந்து நின்று, மணிக்கூடும் நின்ற நேரத்தில், மரியாதையாக. உதவிப் பயிற்றுநருக்கு உன்னோடு கதைக்க இடமே இல்லை. அவமதித்தால் டெக்னிக்கல் பவுல்: எதிரணிக்கு ஒரு பிரீ த்ரோ. ஒரே வீரர் இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் வெளியே. பயிற்றுநர் தன் நடத்தைக்காக இரண்டு வாங்கினால் அவரும் வெளியே. வெளியே என்றால் வாங்கின் பின்னால் நின்று கத்துவதில்லை. உடைமாற்றும் அறைக்குப் போக வேண்டும், அல்லது இடத்தை விட்டே போக வேண்டும். போகும்வரை ஆட்டத்தைத் தொடங்காதே.

இதை எப்போது பாவிப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முதல் குவாட்டரில் "சரி, போகட்டும்" என்று விட்டால், நாலாவது குவாட்டரில் நீ கொடுக்கும் டெக்னிக்கல் பழிவாங்கலாகத்தான் தெரியும். வாங்குகிறவருக்கு மட்டுமில்லை, கொடுக்கிற உனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே தொடக்கத்திலேயே மூன்று படிகளைப் பழக்கி வை. முதல் தரம்: "விளங்குது கோச். பந்து நிண்டாப் பிறகு கப்டனை அனுப்புங்கோ." இரண்டாம் தரம்: "இது எச்சரிக்கை கோச்." சொல்லிவிட்டு, மேசையில் இருப்பவர்களுக்கும் எச்சரித்ததைச் சொல். மூன்றாம் தரம் வசனமே இல்லை, விசில்தான். தூசணத்துக்கு இந்தப் படியெல்லாம் வேண்டாம், நேரே மூன்றாவது.

விசில் ஊதிய பிறகு வரும் நாலைந்து விநாடிகளைக் கவனி. பிழை விடுவதும் பயம் வெளியே தெரிவதும் அந்த இடத்தில்தான். கையை உயர்த்தி அப்படியே நில். மேசைப் பக்கம் நடந்து போ, ஓடாதே. மேசையில் இருப்பவர்கள் உன்னைத் தடையில்லாமல் பார்க்கும் இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு மூச்சு வெளியே விட்டு, பிறகு இலக்கத்தைக் காட்டு, பவுலைக் காட்டு, திசையைக் காட்டு. மூச்சு வெளியே போனால் கை நடுங்காது. வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று இதைச் செய்து பார்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. பெரிய நகரத்தில் ஆட்டம் முடிந்தால் நடுவர் சனத்தோடு கலந்துவிடுவார். தீவில் ஒளிய இடமில்லை. நீ பவுல் கொடுத்த பொடியனின் தாய் அடுத்த நாள் மீன் சந்தையில் உனக்குப் பக்கத்தில் நிற்பா. பயிற்றுநர் உனக்கு ஒன்பதாம் தரத்தில் கணக்குப் படிப்பித்த சேர். கூ அடித்தவன் சித்தப்பாவின் மருமகன். அவர்கள் யாரையும் வெறுத்துவிட்டு இங்கே வாழ முடியாது, நீயும் வெறுக்க வேண்டியதில்லை. சில ஒழுங்குகளை முன்கூட்டியே வைத்துக்கொள்.

உன் பழைய பள்ளிக்கூடமோ உன் விளையாட்டுக் கழகமோ, சொந்தக்காரப் பிள்ளையோ ஆடும் ஆட்டத்தை ஏற்காதே. வேறு ஆள் இல்லாமல் ஏற்க வேண்டி வந்தால், தொடங்க முன் இரண்டு பயிற்றுநரையும் ஒன்றாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. பிறகு யாரோ கண்டுபிடித்ததாக ஆகக் கூடாது. மைதானத்துக்குள் "சேர்", "அண்ணை", "மாமா" எல்லாம் வேண்டாம். இரண்டு பக்கமும் "கோச்" என்றே கூப்பிடு. ஒரு பக்கத்தை "மாமா" என்று கூப்பிட்டதை மற்றப் பக்கம் கேட்டால், அதன் பிறகு நீ ஊதும் ஒவ்வொரு விசிலுக்கும் அர்த்தம் கற்பிப்பார்கள். வெளியே வந்ததும் அவர் பழையபடி சேர்தான். முதலில் வணக்கம் சொல்வது நீயாக இரு.

சந்தையிலும் பஸ்ஸிலும் கதை எடுப்பார்கள். "ஏன் பிள்ளை அந்த பவுலைக் குடுத்தனி?" என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்காதே. சொன்னால் அது அன்று பின்னேரமே வேறு விளக்கமாக ஊர் சுற்றும். "ஆட்டக் கதையை அங்கேயே விட்டிட்டன் அன்ரி. வீட்டில எல்லாரும் சுகமோ?" இது போதும். அம்மாவுக்கும் இதையே சொல்லி வை. பிள்ளையை ஏசினார்கள் என்று கேள்விப்பட்டு, கோயிலடியில் அவ ஒருவரோடு சண்டைக்குப் போனால் உன் பாரம் இரண்டு மடங்காகும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெற்றிக் கிண்ணத்துக்குக் காசு அனுப்புகிறவர்கள் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்து பேஸ்புக் நேரலையில் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஊரை மறக்காத அந்த அன்பு பெரியது. ஆனால் கீழே வரும் கருத்துகளில் நடுவரின் பேரும் ஊரும் தகப்பன் பேரும் வந்துவிடுகின்றன. ஆட்டம் முடிந்த இரவு நீ அதைத் திறக்காதே. நம்பிக்கையான ஒரு ஆளிடம், மிரட்டல் ஏதும் இருந்தால் படம் எடுத்து வைக்கச் சொல். மற்றதெல்லாம் உன் கண்ணுக்கு வரத் தேவையில்லை. உன் தீர்ப்பு சரியோ என்று பார்க்க வேண்டுமானால், இரண்டு மூன்று நாள் கழித்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, கருத்துப் பகுதியை மறைத்து, காணொளியை மட்டும் பார்.

எழுத்தில் வை. ஆட்ட நேரம் முடிந்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட முன் யாராவது கேவலமாக நடந்தால், அதை ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்து, விரிவான அறிக்கையை ஒழுங்கமைப்பாளருக்குக் கொடுக்க வேண்டியது பிரதான நடுவரின் கடமை என்று விதியிலேயே இருக்கிறது. அதை அன்றிரவே எழுது. "தகாத வார்த்தை பேசினார்" என்று மழுப்பாதே. எங்கள் பிள்ளைகள் வெட்கத்தில் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுது, எந்தக் குவாட்டர், எத்தனை நிமிடம் மீதி, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் எழுது. பாடசாலைப் போட்டியென்றால் ஒரு பிரதி வலயக் கல்விப் பணிமனையில் உடற்கல்விக்குப் பொறுப்பானவருக்கு, பிரதேச மட்டமென்றால் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கு. ஒரு பிரதி உன்னிடம். ஒரு கடிதத்தால் எதுவும் மாறாமல் போகலாம். அதே பயிற்றுநரைப் பற்றி மூன்று நடுவர்களின் கடிதம் ஒரே கோப்பில் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கை வைத்தால் கதை முற்றிலும் வேறு. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரத்தில், தன் மகன் ஆடிய இளையோர் உதைபந்தாட்டத்தில் கோட்டு நடுவராகத் தொண்டுக்கு நின்ற ரிச்சர்ட் நியூவன்ஹைசன் என்ற தகப்பனை, எதிரணிப் பொடியன்கள் அடித்து உதைத்தார்கள். அவர் எழும்பி நின்றார், சமாளித்தார். பிறகு இன்னொரு ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்து, அடுத்த நாள் இறந்துபோனார். அதற்கடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் முழுவதையும் நிறுத்தினார்கள். ஆறு பதின்ம வயதுப் பொடியன்களும் ஒருவரின் தகப்பனும் 2013இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். உன்னைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. தலையிலோ கழுத்திலோ அடி பட்டால் "ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்" என்று வீட்டுக்குப் போகாதே. ரவுணில் என்றால் போதனா வைத்தியசாலை, ஊரில் என்றால் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடு. பிறகு பொலிஸ் முறைப்பாடு. "சமாதானமாப் போவம்" என்று வருகிறவர்களிடம், முறைப்பாட்டுக்குப் பிறகு கதைப்போம் என்று சொல். ஆட்டத்தைத் தொடர முடியாத நிலையென்றால் நிறுத்துகிற அதிகாரமும் பிரதான நடுவரிடம் இருக்கிறது. நிறுத்தினால் சனம் கோபிக்கும் என்பதற்காகத் தொடராதே.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சாம்பல் சேர்ட்டும் கறுப்பு நீளக் காற்சட்டையும் போட்டு, பொடியன்களின் ஆட்டத்துக்கு நடுவராக நின்றால் வருகிற கதை எனக்குத் தெரியும். 1997இல் வயலட் பாமர் அமெரிக்காவின் என்பிஏ ஆட்டத்தில் விசில் ஊதிய முதல் பெண்ணாக நின்றபோது, பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று பேர்பெற்ற வீரர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் 2016 வரை ஊதினார். உடம்பைப் பற்றியோ அசிங்கமாகவோ கதைப்பதை நீ ஆட்டத்தின் சத்தத்தோடு சேர்த்துக் கணக்கிடாதே, அது துன்புறுத்தல். மைதானத்துக்கு வெளியேயும் தொடர்ந்தால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது. உடைமாற்ற இடம் இருக்கிறதா என்று அழைப்பு வரும்போதே கேள். இல்லையென்றால் வரமுடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

சோர்வுக்கு வருகிறேன். பாதிச் சோர்வு ஏச்சால் வருவது, மற்றப் பாதி வெயிலாலும் பசியாலும் கடைசி பஸ்ஸாலும் வருவது. சீமெந்துத் தரையில் சோளகக் காற்றுக்குள் மூன்று ஆட்டம் ஓடிவிட்டு, ஒரு பணிசும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு நாலாவதுக்கு நின்றால் யாருக்கும் கோபம் வரும். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டு போ, ஜீவனி ஒரு பக்கெற் பையில் வை. ஒரு நாளுக்கு இரண்டு ஆட்டம் என்று வரம்பு வைத்து, அதை அழைப்பை ஏற்கும்போதே சொல். கொடுப்பனவு எவ்வளவு, எப்போது, திரும்பிப் போக வழி என்ன என்பதையும் அப்போதே கேள். காசு கேட்பது வெட்கமில்லை. பிந்தினால் ஊர்காவற்றுறை பஸ்ஸும் இல்லை, காரைநகர்ப் பாதைப் படகும் இல்லை. நெடுந்தீவுப் பிள்ளையென்றால் குறிகட்டுவானில் படகும் இல்லை. நடுவரைக் கூப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

விசில் இரண்டு வை. கனடாவின் ரொன் பொக்ஸ்கிரொப்ட் 1976 மொன்றியல் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நடுவராக நின்றவர். அப்படிப்பட்டவருக்கே 1984இல் பிரேசிலில் விசிலுக்குள் இருக்கும் சின்ன உருண்டை சிக்கி, ஊதிய விசில் சத்தமே வராமல், அரங்கம் முழுவதும் அவருக்கு எதிராகக் கொதித்தது. பிறகு அவர் உருண்டையே இல்லாத விசிலைச் செய்வித்தார். இன்று எல்லாரும் கழுத்தில் போடும் பொக்ஸ் 40 அதுதான். நீயும் அந்த வகையே வாங்கு. வியர்வையும் புழுதியும் பட்டாலும் ஏமாற்றாது.

தனியாக ஊதச் சொன்னால் மறுத்துவிடு. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் எழுதிய முதல் 13 விதிகளிலேயே ஆளைப் பார்க்க ஒருவர், பந்தைப் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். கூட நிற்பவரோடு முன்கூட்டியே கதைத்துக்கொள்: உன்னை ஒருவர் ஏசினால் விசில் ஊதுவது அவர், அவரை ஏசினால் நீ. ஏச்சு வாங்கியவரே தண்டிக்க வேண்டியதில்லாமல் போனால் மனம் எவ்வளவு இலேசாகிறது என்பதை ஒருமுறை செய்து பார். முடிந்ததும் இரண்டு பேருமாக நடந்து வெளியே வாருங்கள். பஸ்ஸில் ஏறும்வரை பிரியாதீர்கள்.

ஆட்டம் முடிந்த இரவு ஒரு கொப்பியில் மூன்று தீர்ப்புகளை மட்டும் எழுது. சரியாக எடுத்தது ஒன்று, விதிப்புத்தகத்தில் திரும்பப் பார்க்க வேண்டியது ஒன்று, நின்ற இடம் பிழைத்ததால் காணாமல் விட்டது ஒன்று. எழுதி மூடு. படுக்கையில் ஆட்டம் திரும்பத் திரும்ப ஓடினால், அது கொப்பியில் இருக்கிறது என்று உனக்கே சொல்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே வயிறு பிரட்டுகிறதா, நித்திரை வரவில்லையா, சாதாரணமாகக் கேட்டதற்கும் தம்பியில் சீறுகிறாயா, ஒரு பிள்ளை பிழை விட்டதும் உனக்குள் ஒரு சந்தோசம் வருகிறதா? கடைசியாகச் சொன்னது வந்தால் உடனே நிறுத்து. ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஓய்வெடு. ஆட்டத்தை விட்டுப் போக மனமில்லையென்றால் மேசையில் இரு: ஸ்கோர் எழுது, 24 விநாடி மணிக்கூட்டைப் பிடி. ஓய்விலும் நித்திரையும் பசியும் திரும்பவில்லையென்றால் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை தரும் சாந்திகம் இருக்கிறது, உளநல உதவிக்கு 1926 என்ற தேசிய இலக்கம் இருக்கிறது. உதவி கேட்டுப் போவதை ஊர் கதைக்கும் என்று பயப்படாதே, என்னோடு வா.

ஓய்வில் இருக்கும்போது ஒழுங்கமைப்பாளர் கட்டாயம் கோல் எடுப்பார், "நீ இல்லாட்டி மச் நடக்காது பிள்ளை" என்பார். "இந்த மாதம் இல்லை அண்ணை, தையில பாப்பம்" என்று சொல்லிவிட்டு வை. காரணம் கேட்டாலும் அதே வசனம். திரும்பி வரும்போது முதலில் 13 வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கு, கூட நிற்க உனக்குப் பிடித்தவரின் பேரைச் சொல்லிக் கேள். இறுதியாட்டம் தருகிறோம் என்றாலும் அந்தக் கிழமை வேண்டாம்.