நரி முகத்தில் விழித்தால்

ஒருவருக்குத் திடீரென்று நல்லது நடந்தால் நாம் என்ன கேட்கிறோம்? "இன்று நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்கிறோம். நரியைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் இன்று நரியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஏன்?

இரண்டு நரிகள்

நரி என்று நாம் இரண்டு விலங்குகளைச் சொல்கிறோம். ஒன்று, இரவில் கூட்டமாக ஊளையிடும் நரி. அது நடுத்தர நாய் அளவு இருக்கும். இன்னொன்று மிகவும் சிறியது. அதன் எடை 2 முதல் 3 கிலோதான். சாம்பல் நிறம். அடர்த்தியான வால். வால் நுனி கறுப்பு. சேலம் பக்கத்தில் இதை வங்காநரி என்பார்கள். புத்தகங்களில் வங்காள நரி என்று எழுதுவார்கள். இமயமலை அடிவாரம் முதல் தென்னிந்தியா வரை இது உண்டு. இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் தவிர உலகில் வேறு எங்கும் இல்லை.

உழவனுக்கு நண்பன்

வங்காநரி அடர்ந்த காட்டில் வாழாது. புல்வெளியிலும் மேட்டு நிலத்திலும் வளை தோண்டி வாழும். ஒரு வளைக்குப் பல வாசல்கள் இருக்கும். எலி, கறையான், வண்டு, இலந்தைப்பழம் ஆகியவை இதன் உணவு. எலியைத் தின்பதால் பயிர் பிழைக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கும்.

ஏன் குறைகிறது?

இந்த நரி இன்னும் அழியும் நிலைக்கு வரவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைந்து வருகிறது. அதற்கு மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், நிலம். புல்வெளியை நாம் வீண் நிலம் என்று நினைக்கிறோம். உழுகிறோம். கல் உடைக்கிறோம். நெருக்கமாக மரம் நடுகிறோம். மரம் நடுவது நல்லதுதான். ஆனால் புல்வெளி போனால் இந்த நரிக்கு வீடு போய்விடும். ஆடு மாடுகளுக்கு மேய்ச்சலும் போய்விடும்.

இரண்டாவது காரணம், நோய். மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் நன்னஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நாய்களையும் நரிகளையும் ஆராய்ந்தார்கள். நாய்களைத் தாக்கும் நோய்க் கிருமிகள் நரிகளையும் தாக்குவது தெரிந்தது. நாய் பக்கத்தில் இருந்தால் நரி பயந்து சரியாக இரை தின்பதில்லை என்பதும் தெரிந்தது.

மூன்றாவது காரணம், பிடிப்பது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி ஒரு வழக்கம் உண்டு. வங்காநரியை வலை வைத்துப் பிடிப்பார்கள். காலில் கயிறு கட்டி ஓட விடுவார்கள். ஊருக்கு நல்லது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நரியைக் கொல்வதில்லை. திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இருந்தாலும் நரி மிரண்டுபோகும், காயம்படும். மார்கழியும் தையும் நரிகள் இணை சேரும் காலம். பிடிபட்ட நரி சினையாக இருந்தால் வயிற்றுக் குட்டிகளுக்கும் ஆபத்துதான்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நரியைப் பிடிப்பது குற்றம். பிடித்தவர்களுக்கு வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டு நாய்க்குக் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். அது நம் பிள்ளைகளையும் காக்கும், நரியையும் காக்கும். இரவில் நாயை வயல்வெளியில் திரிய விடாமல் இருப்போம். நரி வளையில் புகை போட வேண்டாம். மேய்ச்சல் புறம்போக்கைக் காப்பது பற்றிக் கிராம சபையில் பேசுவோம். பொங்கலுக்கு நரிப் பொம்மை செய்து ஊர்வலம் விடலாம். அப்போது வழக்கமும் நிற்கும், நரியும் பிழைக்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் முன்பு நரி இருந்ததா? பெரியவர்களிடம் கேளுங்கள்.
2. உங்கள் ஊர்ப் புல்வெளி இப்போது என்னவாக இருக்கிறது?
3. நரி இல்லாமல் போனால் எலித் தொல்லை என்ன ஆகும்?