கொடுக்கும் முன் கேட்போம்

இந்த மாதப் பாடம் தானம். கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பலன் பார்க்காமல், தகுந்த இடத்தில், தகுந்த நேரத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விகம். பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்று கொடுப்பது ராஜசம். பெறுபவரை மதிக்காமல், இளக்காரமாகக் கொடுப்பது தாமசம். வீடில்லாமல் வெளியில் உறங்குபவர்களுக்குத் தொண்டூழியம் செய்யப் போகும் நமக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

யார் இவர்கள்?

"சிங்கப்பூர்ல யாரு அண்ணா ரோட்டுல படுக்கிறாங்க?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, 921 முதல் 1,050 பேர் வரை வெளியில் உறங்கியதாகச் சொன்னது. 2022ல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஒரே இரவில் எடுத்த கணக்கில் 530 பேர். பெரும்பாலும் வயதான ஆண்கள். 2019 ஆய்வில் பேட்டி கண்டவர்களில் சுமார் 10ல் 6 பேர் வேலை பார்ப்பவர்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகள். மணமுறிவு, குடும்பத் தகராறு, கடன், வாடகை வீட்டில் கூடத் தங்குபவரோடு ஒத்துப்போகாமை என்று காரணங்கள் பல. ஆகவே "சோம்பேறிங்க" என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க.

தேக்காவில் ஒரு பாடம்

லிட்டில் இந்தியாவில் வேறு ஒரு கூட்டமும் உண்டு. வேலையிடத்தில் காயம்பட்டு, அல்லது சம்பளம் கிடைக்காமல், வழக்கு முடியும்வரை வேலை செய்ய முடியாமல் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களுக்காக டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ அமைப்பு 2008ல் 'கஃப் ரோடு' உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. தெருவில் பொட்டலம் நீட்டுவதில்லை. ஊழியர் சாப்பாட்டுக் கடைக்குள் போய், மற்ற வாடிக்கையாளர் மாதிரி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். தொண்டூழியர்கள் அவருடைய பிரச்சினையையும் கேட்டுக்கொள்கிறார்கள். நம் கோயில் அன்னதானப் பந்தியும் அப்படித்தானே? பந்தியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் "நீ யார்" என்று கேட்பதில்லை.

நடைமுறையில்

1. இரண்டு மூன்று பேராகப் போங்க. பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் யாருக்கும் பயம் வரும்.

2. தூங்குபவரை எழுப்பாதீங்க. விடியற்காலையில் அவர் வேலைக்குப் போகணும். அவர் விரித்த அட்டையும் பையும்தான் அவர் வீடு. அதைத் தொடாதீங்க, தாண்டாதீங்க.

3. நின்றபடி பேசாமல், அனுமதி கேட்டு உட்கார்ந்து பேசுங்க. "அங்கிள், கொஞ்சம் பேசலாமா?" போதும். "வேண்டாம்" என்றால் நன்றி சொல்லி நகருங்க. "ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?" என்று முதல் நாளே துருவாதீங்க.

4. கேட்டுவிட்டுக் கொடுங்க. ஒரு பெரியவரிடம் "என்ன வேணும் அங்கிள்?" என்று கேட்டேன். "சாப்பாடு இருக்கு தம்பி. வேலைக்குப் போட்டுப் போக சாக்ஸ் கிடைக்குமா?" என்றார். கேட்டதால்தான் தெரிந்தது. ஒரே இரவில் மூன்று குழுக்கள் கொடுக்கும் பிரியாணி யாருக்கும் உதவாது.

5. படம் எடுக்கவே கூடாது. அவர் அங்கே படுப்பது சொந்தக்காரர்களுக்கோ முதலாளிக்கோ தெரியாமல் இருக்கலாம். 'லைக்' எதிர்பார்த்துக் கொடுத்தால் அது எந்த வகைத் தானம் என்று நீங்களே சொல்லுங்க.

6. வீடு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீங்க. "அடுத்த வெள்ளிக்கிழமை வரேன்" என்றால் கட்டாயம் போங்க. பலரிடம் ஏமாந்த மனிதருக்கு, சொன்னபடி வரும் ஒருவரே பெரிய விஷயம்.

7. அவர் சம்மதித்தால் மட்டும் உதவிக்கு வழிகாட்டுங்க. அரசாங்கமும் சமூகக் குழுக்களும் சேர்ந்த 'பியர்ஸ்' கட்டமைப்பு 2019ல் உருவானது. சமய, சமூக அமைப்புகள் சில இரவில் தங்க இடமும் கொடுக்கின்றன. காம்கேர் எண் 1800-222-0000. தனியாகப் போகத் தயங்கினால் கூடவே போங்க.

சிந்திக்க

• நாம் கடைசியாகச் செய்த தொண்டில் பெறுபவரிடம் என்ன கேட்டோம்?

• மூன்று வகைத் தானத்தில் அது எதில் சேரும்?

• உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தைத் தினமும் சுத்தம் செய்பவரின் பெயர் தெரியுமா?

அடுத்த வகுப்புக்கு முன் மூன்றாவது கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டு வாங்க.