தாராக் குஞ்சின் நிறத்தை முன்னறிதல்

கலப்பினக் குஞ்சுகளிற் பால் பிரிப்பதற்கு ஓர் எளிய வழி

மன்னார்த் தீவிலே தோட்டவெளி முதலிய கிராமங்களிற் கிணற்று நீரைக்கொண்டு மரக்கறி பயிரிடுவோரும், பெருநிலப் பரப்பிலே கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விதைப்போரும் சில தாராக்களையும் வளர்த்தல் நன்று. தாரா நத்தையையும் புழுவையும் பூச்சியையும் உண்ணும், நிலத்துக்கு எருவிடும், வீட்டுக்கு முட்டை தரும். ஆனால், முட்டைக்காகத் தாரா வளர்ப்போர்க்கு ஒரு குறையுண்டு. பொரிக்கும் குஞ்சுகளிற் பாதி ஆணாகும். குரல் வேறுபடும்வரை ஆறு முதல் எட்டுக் கிழமைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலத் தீன் போடவேண்டியிருக்கிறது. தகுந்த முறையிற் கலந்தால், பொரித்த அன்றே குஞ்சின் தூவி நிறத்தைப் பார்த்துப் பாலை அறியலாம்.

காக்கித் தாராவின் வரலாறு

இங்கிலாந்தில் குளொஸ்டர்சயரிலுள்ள யூலி என்னும் ஊரில் அடேல் காம்பெல் என்ற பெண்மணி, முட்டை மிகுதியாக இடும் ஓட்டத் தாராவையும் உடல் பருத்த றூவான் தாராவையும் கலந்து புதியதோர் இனத்தை உண்டாக்கினார். 1898 இல் அது வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. பின்னர்ப் போர்வீரரின் உடை நிறத்தையொத்த வகை தெரிந்தெடுக்கப்பட்டு, காக்கிக் காம்பெல் எனப் பெயர் பெற்றது. நன்கு பராமரித்தால் இவ்வினம் ஆண்டொன்றுக்கு முந்நூறு முட்டை வரையிலும் இடவல்லது. இதன் காக்கி நிறமே பால் பிரிப்பதற்கும் உதவுகின்றது.

நிறம் இறங்கும் முறை

பெற்றோரின் இயல்புகள் இணையிணையான பரம்பரையலகுகளால் குஞ்சுகளுக்கு இறங்குகின்றன என்பதை மெண்டல் 1866 இல் எழுதி வெளியிட்டார். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றையது தாயிடமிருந்தும் வரும். இவற்றுள் மேலோங்கி நிற்பதை ஆட்சியுள்ளது என்றும், மறைந்து நிற்பதைப் பின்னிடைவானது என்றும் கூறுவர்.

காக்கி நிறம் பின்னிடைவானது. அதன் அலகு பாலை நிருணயிக்கும் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. பறவைகளில் ஆணுக்கு இந்நிறமூர்த்தம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றே. ஆகவே, தாய் தன் நிற அலகை ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் கொடுக்கிறது. பெண் குஞ்சு தன் நிற அலகைத் தந்தையிடமிருந்தே பெறுகின்றது.

இதனாற் கமக்காரருக்கு ஒரு வசதியுண்டு. ஆண்தாரா காக்கியாகத் தோன்றினால் அதன் இரண்டு அலகுகளும் காக்கியே. பெண்ணில் ஓர் அலகே இருத்தலால் மறைந்து நிற்பதற்கு இடமில்லை. எனவே, இவ்வொரு குணத்துக்குப் பறவையின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டுவதில்லை. தோற்றமே போதிய சாட்சி. வெள்ளைத் தாராவுக்கு இது பொருந்தாது.

கலப்பும் பலனும்

1. காக்கி ஆண், காட்டு நிறப் பெண்: ஆண் குஞ்சுகள் கருங்கபிலத் தூவியும் மஞ்சட் புள்ளிகளும் உடையன; பெண் குஞ்சுகள் வெளிறிய கபில நிறத்தன. பால் பிரிக்கலாம்.

2. காக்கி ஆண், கலப்பற்ற கறுப்புப் பெண்: ஆண் குஞ்சுகள் கறுப்பு, பெண் குஞ்சுகள் கபிலம். பால் பிரிக்கலாம்.

3. காட்டு நிற ஆண், காக்கிப் பெண்: குஞ்சுகள் யாவும் கருங்கபிலம். காட்டு நிற ஆண் காக்கியை மறைத்து வைத்திருந்தால் இரு பாலிலும் இரு நிறமும் தோன்றும். எவ்வாறாயினும் பால் பிரிக்க இயலாது.

4. காக்கி ஆண், காக்கிப் பெண்: யாவும் காக்கி. பால் பிரிக்க இயலாது.

முதலாவதும் மூன்றாவதும் அவ்விரு இனங்களின் கலப்புகளே. எது தந்தை, எது தாய் என்பதே வேறுபாடு. இதனை மாற்றிச் செய்தால் முயற்சி வீணாகும்.

தாயைத் தெரிந்தெடுத்தல்

காட்டு நிறத்தில் ஆணுக்குப் பச்சைத் தலையும் வெண்கழுத்து வளையமும் உண்டு. பெண்ணோ கபில நிறமானது. இதனைக் காக்கியென்று எண்ணி மயங்குவோர் பலர். காட்டு நிறப் பெண்ணின் இறகுகளின் நடுவே கரிய கோடுகளும், சிறகில் ஒளிரும் நீலப் பட்டையும் காணப்படும். காக்கிப் பெண் பெரிதும் ஒரே சீரான நிறமுடையது. நீலப் பட்டை அதற்கில்லை.

வெள்ளைத் தாராவை இக்கலப்புக்குக் கொள்ளற்க. வெண்மை வேறோர் அலகினால் வருவது, அதுவும் பின்னிடைவானது, ஆனால் பாலுடன் தொடர்பற்றது. வெள்ளை இறகின் கீழே கறுப்போ, காட்டு நிறமோ, காக்கியோ மறைந்திருக்கலாம். கண்ணாற் கண்டறிய வழியில்லை. வெள்ளைத் தாராவுடன் சேர்த்த ஆணுக்கு மஞ்சட் தூவியுள்ள ஒரு குஞ்சேனும் பிறக்குமாயின், அவ்வாண் வெண்மையை மறைத்து வைத்திருக்கிறது என்று கொள்க. பத்துக் குஞ்சுகளும் நிறமுடையனவாயின் அவ்வாறு இருத்தற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இடமே உண்டு.

மஸ்கோவித் தாரா வேறு சாதியாகும். அதனோடு கலந்து பிறப்பவை இறைச்சிக்கு உதவும், இனம் பெருக்கா.

செய்முறை

தோட்டவெளியில் ஒரு கமக்காரரிடம் காட்டு நிறப் பெண்தாராக்கள் ஆறு உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் அவற்றை மற்றை ஆண்களிடமிருந்து மூன்று கிழமைகள் பிரித்து வைத்தல் வேண்டும். முந்திய சேர்க்கையின் பயன் அதுவரை நிலைக்கக்கூடும். அதன்பின் ஒரு காக்கி ஆணை விடுக. காக்கித் தாராக்கள் அடைகாத்தல் அரிதாகையாலும், மற்றைத் தாராக்களை நம்பியிருத்தல் உசிதமன்றாகையாலும், அடைக்கோழி ஒன்றுக்கு எட்டு முட்டையாக மூன்று கோழிகளின் கீழ் இருபத்து நான்கு முட்டைகளை வைக்கலாம். இருபத்தெட்டாம் நாளளவிற் குஞ்சு பொரிக்கும்.

பதினெட்டுக் குஞ்சு பொரித்தால் ஒன்பது பெண் எதிர்பார்க்கலாம். ஆறோ பன்னிரண்டோ கிடைத்தாலும் விதி பிழைத்ததன்று. சிறு தொகையில் ஏற்றத்தாழ்வு இயல்பே. தூவி காய்ந்ததும் பகல் வெளிச்சத்திற் குஞ்சுகளைப் பிரித்து, பெண் குஞ்சின் காலில் வர்ண நூல் கட்டுக. கால் பருக்குந்தோறும் நூலைத் தளர்த்துதல் அவசியம். ஆண் குஞ்சுகளைப் புறம்பாக இறைச்சிக்கு வளர்க்கலாம்.

முக்கிய எச்சரிக்கை

இம்முறை முதற் தலைமுறைக்கு மட்டுமே உரியது. கலப்பிற் பிறந்த ஆணையும் பெண்ணையும் மறுபடி சேர்த்தால், ஆண் குஞ்சுகளிற் பாதி காக்கி, பாதி கருமை. பெண் குஞ்சுகளிலும் அவ்வாறே. அக்குஞ்சுகளிற் காக்கி நிறத்தனவற்றைப் பெண்ணென்று விற்பவர், பாதிக்கு ஆணையே விற்றவராவர். அதனால் வாங்கிய அயலவருக்குத் தீன் நட்டமும், விற்றவருக்கு நம்பிக்கை நட்டமும் நேரும். ஆகையால் காக்கி ஆணையும் காட்டு நிறப் பெண்களையும் ஆண்டுதோறும் தனித்தனியே பேணிக்கொள்க.

வயலில் விடுதல்

நெற்பயிர் நன்கு வேரூன்றிய பின்னரே தாராக்களை வயலில் விடுக; கதிர் தள்ளுமுன் வெளியேற்றுக. கிருமிநாசினி தெளித்த வயலில் விடவே கூடாது. மரக்கறித் தோட்டத்தில் இளங்கன்றுகளையும் கீரையையும் அவை தின்றுவிடுமாதலால், அறுவடை முடிந்த பாத்திகளிலேயே விடுதல் தகும். அலகு அமிழுமளவு ஆழமான பாத்திரத்தில் நன்னீர் எந்நேரமும் வைத்திருத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: காக்கி நிறம் தந்தைக்கு, காட்டு நிறம் தாய்க்கு. பொரித்த அன்று வெளிறிய குஞ்சு பெண். கரிய குஞ்சு ஆண்.