பிடி வலு: கூட்டவும் குறைக்கவும் சில கைவேலைகள்



ஃபிட்டிங் பிராக்டிகலில் மூன்று மணி நேரம் அரம் பிடித்தவர்களுக்குத் தெரியும், முதலில் ஓய்ந்துபோவது முன்கைதான். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. கயிறு கட்டி இழுப்பது போலத் தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. அவை தளர்ந்தால் வேலை கோணலாகும். சுத்தியல் நழுவினால் பக்கத்து பெஞ்சில் நிற்பவனுக்கும் ஆபத்து.

சென்ற ஆண்டு சைக்கிளில் விழுந்து எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது ஹேக்ஸா பிரேமைக்கூடப் பிடிக்க முடியல. தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. "பேசாம அரியர் வச்சிடுடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார்கள் நண்பர்கள். டாக்டர் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார். ஆனால் கடையில் வாங்கிய ஸ்பிரிங் கிரிப்பர் என் கைக்குப் பாதிகூட மூடவில்லை. அதில் இருப்பது ஒரே ஸ்பிரிங், ஒரே கடினம். அதைப் படிப்படியாக்க நம் பாடப் புத்தகமே போதுமாக இருந்தது.

கிரிப்பரில் இருப்பது முறுக்கு ஸ்பிரிங். ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதிதான் இதற்கும்: எவ்வளவு கோணம் மடக்குகிறோமோ அவ்வளவு டார்க் எதிர்க்கும். அந்த டார்க்கை, சுருளிலிருந்து விரல் இருக்கும் தூரத்தால் வகுத்தால் நாம் கொடுக்க வேண்டிய விசை கிடைக்கும். ஆக, நாம் மாற்றக்கூடியவை மூன்று: தூரம், கோணம், வெளியிலிருந்து சேர்க்கும் விசை.

1. விரல் வைக்கும் இடம்: கைப்பிடியின் நுனியில் பிடித்தால் எளிது, சுருளுக்கு அருகே பிடித்தால் கடினம். 10 செ.மீ. தூரத்திலிருந்து 8 செ.மீ.க்கு வந்தால், அதே கோணத்துக்கு விசை 25 சதவீதம் கூடும். செலவு ஒன்றுமில்லை.

2. டியூப் வளையம்: பழைய சைக்கிள் டியூபை அரை செ.மீ. அகலத்தில் வளையங்களாக வெட்டி, இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து மாட்டுங்கள். வளையம் மூடும் பக்கம் இழுப்பதால் நம் வேலை குறையும். கிரிப்பர் முழுதாக மூடியிருக்கும்போதும் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொளதொளத்தால் கடைசியில், உதவி தேவைப்படும் இடத்தில், உதவாது.

3. கட்டையும் கிளிப்பும்: கைப்பிடிகளுக்கு நடுவில் சிறு மரக்கட்டை வைத்தால் கடினமான கடைசிக் கோணம் தவிர்க்கப்படும். வலு வந்த பிறகு இதற்கு நேர்மாறாக, ஹோஸ் கிளிப்பை இரண்டு கைப்பிடிகளையும் சுற்றிப் போட்டு முடுக்குங்கள். கிரிப்பர் முழுதாகத் திறக்காது, கடினமான பகுதியில் மட்டும் வேலை செய்யலாம்.

4. தண்ணீர் கேன்: பைப் துண்டின் நடுவில் கயிறு கட்டி, மூடியுள்ள 5 லிட்டர் கேனைத் தொங்கவிட்டு, இரு கைகளாலும் பைப்பைச் சுருட்டி மேலே ஏற்றுங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அரை லிட்டர் டம்ளரால் ஊற்றினால் அரை அரை கிலோவாக ஏற்றலாம். 25 மி.மீ. பைப்புக்குப் பதில் 50 மி.மீ. பைப் போட்டால், அதே எடைக்கு டார்க் இரண்டு மடங்கு.

எவ்வளவு கூடியது என்று அளக்காமல் விட்டால் நாம் டிப்ளமோ மாணவர்கள் இல்லை! ஒரு கைப்பிடியைத் துணி சுற்றி வைஸில் லேசாகப் பிடித்து, மற்றதில் விரல் வைக்கும் இடத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி, செங்குத்தாக இழுங்கள். மூடும்போது காட்டும் அளவுதான் உங்கள் விசை. எனக்கு வளையம் இல்லாமல் 14 கிலோ, இரண்டு வளையத்தோடு 9 கிலோ காட்டியது. அந்த 9-ல் தொடங்கினேன். மெதுவாக விடுங்கள், பட்டென்று விட்டால் கைப்பிடி திருப்பி அடிக்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், 10 தடவை வீதம் மூன்று சுற்று. மூன்று சுற்றும் சிரமமில்லாமல் முடிந்தால் மட்டும் அடுத்த படி. தசை வேகமாகத் தேறும், தசைநாண் தாமதமாகத்தான் தேறும், அதனால் அவசரம் வேண்டாம். ஏழாவது வாரம் வளையமில்லாமல் மூடினேன். தேர்வில் வி-ஜாயிண்டும் நேரத்துக்குள் முடிந்தது.

மூட்டில் குத்தல், விரலில் மரமரப்பு வந்தால் அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். கட்டுப் பிரித்தவர்கள் அவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. மற்றவர்கள் இன்றைக்கே சைக்கிள் கடைக்குப் போய் ஒரு கிழிந்த டியூபைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வளையத்தில் தொடங்கினீர்கள் என்று நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு மலரில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.