பால் மங்கில் வாழும் பகைவனைப் பழைய கைப்பேசியால் காண்போம்

மழை பெய்து ஒரு வாரம் கழிந்தபின், வெட்டாமல் விடப்பட்ட மரங்களின் நிரைக்குச் சென்று பால் மங்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் தேங்கிய நீரில் நூல்துண்டுகள் போன்றவை நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். சற்று நேரத்தில் மீண்டும் மேலே வரும். மலாய் மொழியில் ஜெந்திக்-ஜெந்திக் எனப்படும் கொசுப்புழுக்கள் அவையே. டிங்கி காய்ச்சலைப் பரப்பும் கொசுக்களுள் ஒன்றாகிய ஏடிஸ் அல்போபிக்டஸ், மரநிழலையும் இத்தகைய சிறு கலங்களையும் பெரிதும் நாடுவது. முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும். நம் நாட்டில் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் 1962ஆம் ஆண்டு பினாங்கில் முதன்முதலாக அறியப்பட்டது. அந்நோய்க் கிருமியை அழிக்கும் தனி மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே மங்கில் நெளிவது எந்தக் கொசுவின் புழு என்று அறிதல் வீண் வேலையன்று.

அதற்கு நுண்பெருக்கி வேண்டுமே என்பீர்கள். புதியது வந்ததும் அலமாரியில் போட்டு வைத்த பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். சிம் அட்டை இல்லாவிடினும் அதன் படக்கருவி வேலை செய்யும். ஆனால் பின்புறம் புடைத்திருந்தால் மின்கலம் வீங்கியுள்ளது என்பது பொருள். அத்தகைய கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்தலும் கூடாது, அதைத் திறத்தலும் கூடாது, தீப்பற்றக்கூடும்.

பிள்ளைகள் விளையாடிப் பழுதாக்கிய லேசர் சுட்டி விளக்கின் முனையில், பருப்பளவில் ஒரு வில்லை உண்டு. முதலில் பாட்டரிகளை அகற்றிவிட்டு, முனையைத் திருகி அதனை எடுங்கள். கொண்டை ஊசியின் இரு கால்களுக்கிடையே செருகி, கைப்பேசியின் பின்புறப் படக்கருவிக்கு நேரே வைத்து, ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள். திரையில் நடுப்பகுதி மட்டும் தெளிந்து ஓரங்கள் மிகவும் கலங்கினால், வில்லையைத் திருப்பி வையுங்கள்.

இத்துணைச் சிறிய வில்லை எவ்வாறு பெரிதாக்கும்? வளைவு மிகுந்த வில்லையால் பொருளை மிக அண்மையில் வைத்துக் காண முடியும். அண்மையில் காண்பது பெரிதாகத் தோன்றும். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகர் லேவன்ஹுக், 1670களில் ஒற்றை வில்லையைக் கொண்டே நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர்.

இனி மேடை. உயரம் ஒத்த இரண்டு பால் டின்களை இடைவெளி விட்டு வைத்து, பழைய படச் சட்டத்தின் கண்ணாடியை அவற்றின்மீது பாலம்போல் இடுங்கள். கண்ணாடியின் ஓரங்களுக்கு முன்பே நாடா ஒட்டிவிடுதல் நலம். வில்லை கீழ்நோக்குமாறு கைப்பேசியைக் கண்ணாடிமேல் வையுங்கள். அது சாயாதிருக்க மறுமுனையின் அடியில் ஓர் அட்டைத் துண்டு வேண்டும். கண்ணாடிக்குக் கீழே இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, மேலே சில சீட்டுகளை வைத்து, அவற்றின்மீது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியை வையுங்கள். மூடிக்கு அடியிலிருந்து டார்ச் விளக்கின் ஒளி மேல்நோக்கி வரட்டும். விளக்கின்மேல் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை இட்டால் கண் கூசாது. புழுவை மூடியில் இட்டபின், இருபுறமும் ஒவ்வொரு சீட்டாகக் கூட்டியும் குறைத்தும் வந்தால், ஓரிடத்தில் உருவம் தெளிவாகும்.

முதன்முறை முயன்றபோது எமக்குத் தெரிந்தது மூடுபனி ஒன்றே. நீர் மிகுதியானதே காரணம். துணி நுனியால் நீரை ஒற்றியெடுத்த பின்னரே புழுவும் அசையாது கிடந்தது, படமும் தெளிந்தது.

மங்கிலிருந்து எடுக்குமுன் புழு நீரில் கிடக்கும் நிலையைக் கவனியுங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடப்பின் அது மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் இனம். அதற்கு மூச்சுக்குழாய் இல்லை. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால், வாலருகே உள்ள மூச்சுக்குழாயை வில்லையின்கீழ்க் காணுங்கள். குழாய் நீண்டு மெலிந்திருப்பின் பெரும்பாலும் கியூலெக்ஸ். குட்டையாகவும் பருமனாகவும் இருப்பின் ஏடிஸ் என்றே ஐயுறல் வேண்டும். ஏடிஸுக்குள் எந்த வகை என்று பிரித்தறிய வாலருகிலுள்ள சீப்புப்போன்ற முட்களை எண்ணி நோக்க வேண்டும். அது ஆய்வுக்கூடத்தின் வேலை. நமக்கு அந்த ஆசை வேண்டா; எல்லாமே அழிக்கத்தக்கவையே. கொசு வளர இடமளித்தல் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

புழு கண்ட மங்கின் நீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அங்கும் அது பிழைக்கும். காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே மங்கின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை நீரின்றியும் பல மாதங்கள் கெடாமல் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே தேங்காய் நாரினால் உட்புறத்தை அழுந்தத் தேய்த்து, மங்கினைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த மரத்திற்குச் செல்லுங்கள்.