வாழும் வரலாறு: ஆட்லி எண்ட் மாளிகையின் பின்கட்டு

வரலாறு என்றால் நம் பிள்ளைகளுக்குப் போர்களும் ஆண்டுகளும்தான். தேர்வு எழுதிய மறுநாள் எல்லாம் மறந்து போகும். இதற்கு மாற்றாக மேலை நாடுகளில் 'வாழும் வரலாறு' என்றொரு முறை உண்டு. பழைய மாளிகையிலோ பண்ணையிலோ, அக்காலத்து உடை உடுத்தியவர்கள் அக்காலத்து வேலைகளை நம் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் நடக்கும். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1891-இல் ஆர்தர் ஹசேலியுஸ் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கெல்லாம் முன்னோடி.

என் மகள் குடும்பம் கேம்பிரிட்ஜில் இருந்தபோது இப்படி ஓர் இடத்துக்கு இரண்டு முறை போய் வந்தேன். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூரை ஒட்டிய ஆட்லி எண்ட் மாளிகை அது. (சாஃப்ரன் என்றால் நம் குங்குமப்பூவேதான். ஒரு காலத்தில் அங்கே பயிரிட்டார்கள். ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.) இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் பொருளாளராக இருந்த சஃபோக் பிரபு, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பின்னர் அரசுப் பணத்தைக் கையாடியதாக அவர் தண்டிக்கப்பட்டார் என்பது தனிக் கதை. 18-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். இன்று நிற்பது எஞ்சிய பகுதிதான். அதுவே நமக்குத் தலை சுற்றுகிறது. சுற்றிலும் உள்ள புல்வெளியும் ஓடையும் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் வகுத்தவை. 1948-இல் அரசு மாளிகையை விலைக்கு வாங்கியது.

இவ்வளவும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது மாளிகையின் பின்கட்டைப் பற்றி. அடுப்படி, பாத்திரம் கழுவுமிடம், பால் கடையும் அறை, வேட்டையில் அடித்த பறவைகளைத் தொங்கவிடும் அறை, துணி வெளுக்கும் கூடம் எல்லாம் அங்கேதான். 1881-ஆம் ஆண்டில் அந்த வீடு எப்படி இயங்கியதோ அப்படிக் காட்டுவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பணி.

ஏன் 1881? அந்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. எந்த வீட்டில் யார் தங்கியிருந்தார்கள், என்ன வேலை, எந்த ஊரில் பிறந்தவர் என்று எழுதி வைத்தார்கள். சமையல்காரி ஏவிஸ் குரோகோம் அந்த ஆண்டுப் பதிவில்தான் வருகிறார். தென்மேற்கே, டெவன் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரில் பிறந்து, பிழைப்புக்காக ஊர் ஊராகப் பெயர்ந்து வந்த பெண். தில்லிக்கும் பம்பாய்க்கும் வேலை தேடி வந்த நமக்கு அந்தப் பெயர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மணமாகாதவர், ஆனாலும் தலைமைச் சமையல்காரி என்பதால் எல்லோரும் 'மிஸஸ் குரோகோம்' என்றே மரியாதையாக அழைத்திருப்பார்கள். அக்காலப் பிரபுக்கள் வீடுகளில் பிரெஞ்சு ஆண் சமையல்காரர்களுக்குத்தான் மவுசும் கூடுதல் சம்பளமும்.

அவர் தம் கையால் எழுதிய சமையற்குறிப்பு நோட்டு ஒன்று, குடும்ப வழி வந்த ஒருவரிடமிருந்து மாளிகைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. கணக்கெடுப்பில் ஒரு வரி, கையெழுத்தில் ஒரு நோட்டு. இந்த இரண்டையும் முதலாக வைத்து அந்த அடுப்படியை நடத்துகிறார்கள். பிரபுக்களுக்கோ சுவர் நிறைய எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன!

இம்முறையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் நடிப்பவர் தம்மை 1881-ஆம் ஆண்டின் ஆளாகவே வைத்துக்கொள்வார். விமானம் பற்றிக் கேட்டால் விழிப்பார். மற்ற வகையில் உடை மட்டும் பழையது. பேச்சு இன்றைய மனிதருடையது. குழந்தைகளுக்கு முதல் வகை குஷி. எனக்கு இரண்டாவதே மேல் என்று படுகிறது. ஏனென்றால் அக்காலத்து வேலைக்காரப் பெண்ணாகவே பேசுகிறவரிடம், "உன் எஜமானர் நியாயமானவரா?" என்று கேட்டால் அவர் உண்மையைச் சொல்ல முடியுமா? வேலை போய்விடாதா?

இங்கேதான் இம்முறையின் பலவீனம் இருக்கிறது. ரொட்டி மணமும் வெள்ளை ஏப்ரனும் சேர்ந்து பழைய காலத்தை இனிப்பாக்கிவிடும். நாம் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அவர்கள் செய்தது விடியலிலிருந்து இரவு வரை. களைப்பையும் அச்சத்தையும் நடித்துக் காட்டுவது கடினம். துணிந்து செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், 1994 அக்டோபரில், அடிமைகளை ஏலம் விடும் காட்சியை நடித்துக் காட்டினார்கள். முன்னோர் பட்ட அவமானத்தை வேடிக்கைப் பொருளாக்குவதா என்று கறுப்பின மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. காட்டாமலே விட்டால் அது நடந்ததே மறந்து போகாதா என்றனர் நடத்தியவர்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மறைப்பதைவிடக் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆட்லி எண்டில் தமிழர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1881-இல் அங்கே எஜமானராக இருந்தவர் ஐந்தாம் பிரேபுரூக் பிரபு. முழுப்பெயர் சார்லஸ் கார்ன்வாலிஸ் நெவில். நடுவில் உள்ள பெயரைக் கவனியுங்கள். திப்பு சுல்தானைத் தோற்கடித்து 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்த கார்ன்வாலிஸ், இவருடைய தாய்வழிக் கொள்ளுப் பாட்டனார். அந்த உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கும்பினியார் கைக்குப் போன நிலப்பகுதிகளில் திண்டுக்கல்லும் பாராமகாலும் உண்டு. பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். அங்கிருந்து வந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றன. எங்கோ எஸ்ஸெக்ஸில் இருக்கும் ஒரு வீட்டின் பெயர்ப் பட்டியலில் நம் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது என்று சொன்னபோதுதான், அதுவரை ஐஸ்கிரீமுக்கு அழுதுகொண்டிருந்த என் பேரன் நிமிர்ந்து பார்த்தான்.

இங்கிலாந்துக்குப் போகிற அன்பர்களுக்குச் சில குறிப்புகள். லண்டன் லிவர்பூல் தெரு நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் செல்லும் பாதையில் ஆட்லி எண்ட் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மாளிகைக்கு நடந்தே போகலாம். உடை தரித்தவர்கள் எல்லா நாளும் வருவதில்லை. எந்த நாட்களில் வருவார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை முதலில் பின்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெந்நீரை யார் சுமந்தார்கள், எத்தனை படி ஏறினார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்று அவர்களே கேட்கட்டும். ஓவியங்கள் மாட்டிய பெரிய கூடத்தைச் சாவகாசமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.